நாங்கள் வினையூக்கிகள் அல்ல

மார்ச் 8 நெருங்கினால் கல்லூரிகளில் மேடை போடுவார்கள். கோலம், குத்துவிளக்கு, சால்வை எல்லாம் இருக்கும். பேச வரும் பெரியவர்கள் பெண்ணுக்கு உவமை தேடுவார்கள். முன்பெல்லாம் மெழுகுவர்த்தி, சந்தனக் கட்டை, நதி. இது அறிவியல் காலம் அல்லவா, உவமையும் மாறிவிட்டது. பெண் ஒரு வினையூக்கி என்கிறார்கள் இப்போது. தான் மாறாமல் இருந்துகொண்டே வினையூக்கி எப்படி வினையை விரைவுபடுத்துகிறதோ, அப்படியே பெண் குடும்பத்தையும் சமூகத்தையும் முன்னேற்றுகிறாள் என்று விளக்கமும் தருகிறார்கள். அரங்கம் கைதட்டுகிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் வேதியியல் மாணவிகளும் சேர்ந்து கைதட்டுகிறார்கள்.

இந்த உவமையை நான் மறுக்கிறேன். அது பெண்ணைப் பற்றிச் சொல்வது பொய். வினையூக்கியைப் பற்றிச் சொல்வதும் பொய்.

நான் தமிழ் படித்தவள். சோதனைக்குழாய்க்கும் எனக்கும் உள்ள உறவு பள்ளியோடு முடிந்துவிட்டது. ஆனால் சொல் என் துறை. ஒரு சொல்லை யார், யாரைப் பார்த்து, எந்த லாபத்துக்காகச் சொல்கிறார்கள் என்று கேட்பது என் தொழில். கிரியா ஊக்கி என்றிருந்தது வினையூக்கியாகி, பாடநூலில் வினைவேக மாற்றியும் ஆனது. மூன்றிலும் ஒரு குறிப்பு உண்டு: வினை வேறு யாருடையதோ, ஊக்குவது மட்டும் இதன் வேலை. விளைபொருளில் இதற்குப் பங்கில்லை. சமன்பாட்டில் அம்புக்குறியின் தலைமேல் சின்ன எழுத்தில் எழுதிவிட்டு, இரு பக்கமும் எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடலாம். பெண்ணுக்கு இதைவிடத் தோதான இடம் வேறெங்கே கிடைக்கும்?

நல்ல பாடநூல்கள் ஓர் அடைமொழியைக் கவனமாகச் சேர்க்கும்: வினையூக்கி 'நிலையான' மாற்றம் அடைவதில்லை என்று. மேடைக்கு வரும்போது அந்த அடைமொழி உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த அந்த ஒரு சொல்லில்தான் உண்மை முழுவதும் இருக்கிறது.

ஹெக் வினையை எடுத்துக்கொள்வோம். ஒரு பென்சீன் வளையம், அதில் ஓர் அயோடின் அணு. இன்னொரு பக்கம் இரட்டைப் பிணைப்புள்ள ஓர் ஆல்கீன். சும்மா விட்டால் இவை இரண்டும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. பல்லேடியம் என்ற உலோகத்தின் அணு ஒன்று உள்ளே வருகிறது. கார்பனுக்கும் அயோடினுக்கும் நடுவே புகுந்து, அந்தப் பிணைப்பைப் பிளந்து, இரண்டையும் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. பூச்சியமாக இருந்த அதன் ஆக்சிஜனேற்ற எண் இரண்டாகிறது. பிறகு ஆல்கீன் வந்து அதன்மேல் ஒட்டுகிறது. புதிய கார்பன்–கார்பன் பிணைப்பு உருவாவது பல்லேடியத்தின் உடம்பின்மேல். ஒரு ஹைட்ரஜனைப் பல்லேடியத்திடம் விட்டுவிட்டு விளைபொருள் விலகிப் போகிறது. காரம் ஒன்று வந்து மிச்சமிருக்கும் அமிலத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் பல்லேடியம் பழைய நிலைக்குத் திரும்ப முடியும். உடனே அடுத்த சுற்று. இதில் எந்தக் கட்டத்தில் அது மாறாமல் இருந்தது? ஒவ்வொரு கட்டத்திலும் மாறியது. மாறியதால்தான் வினை நடந்தது.

சுற்று முடிவில்லாமல் ஓடுவதும் இல்லை. பல்லேடிய அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு, குடுவையின் அடியில் கரிய தூளாகப் படிந்துவிடும். பல்லேடியம் கறுப்பு என்று அதற்குப் பெயர். அதோடு அதன் வேலை முடிந்தது. வினையூக்கி களைத்துப்போகும், நஞ்சேறும், செத்தும் போகும். வேதியியலாளர்கள் ஒரு வினையூக்கியைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, சாவதற்கு முன் அது எத்தனை சுற்று ஓடும் என்பது.

இன்னொரு காட்சி நம் தெருவிலேயே இருக்கிறது. தண்ணீர் லாரிக்கு முன்னால் வரிசையில் நிற்கும் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்களின் கதை 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லரிடமிருந்தும், அடுத்த ஆண்டு இத்தாலியில் ஜூலியோ நாட்டாவிடமிருந்தும் தொடங்குகிறது. டைட்டானியச் சேர்மத்தோடு, கார்பன் ஒட்டிய அலுமினியச் சேர்மத்தைக் கலந்து அவர்கள் செய்த வினையூக்கி, எத்திலீனையும் புரொப்பிலீனையும் மணிமணியாகக் கோத்து நெடுஞ்சரமாக்கியது. அந்த வழியில் வந்த இன்றைய வினையூக்கிகள் மிகச் சிறிய அளவிலேயே வேலையை முடித்துவிடுவதால், அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு மிச்சம் என்று பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். வினையூக்கி திரும்பி வருவதில்லை. குடத்தின் சுவருக்குள் புதைந்து கிடக்கிறது. அந்தக் குடத்தை இடுப்பில் சுமப்பவள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, பெண்ணை வினையூக்கி என்பவர் வேதியியலை உண்மையாகவே அறிந்திருந்தால், பெண் மாறுகிறாள், தேய்கிறாள், விளைபொருளுக்குள்ளேயே புதைக்கப்படுகிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது கைதட்டல் கிடைத்திருக்காது.

உவமையை விட்டுவிட்டு, அந்த உவமை பிறந்த துறைக்குள்ளேயே போவோம். உலோகத்துக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்புள்ள பொருள்களைக் கரிம உலோகச் சேர்மங்கள் என்கிறோம். அவற்றைப் படைப்பதும், அவற்றையோ உலோக அணுக்களையோ வைத்து மற்ற வினைகளை நடத்துவதும் ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி வளர்ந்த பெரும்பரப்பு. அதற்கும் அதையொட்டிய வினையூக்கத்துக்கும் வந்த வேதியியல் நோபல் பரிசுகளை விரல்விட்டு எண்ணலாம். 1912: கிரிக்னார்டு, சபாத்தியே. 1963: சீக்லர், நாட்டா. 1973: ஃபிஷர், வில்கின்சன். 2001: நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ். 2005: ஷோவான், கிரப்ஸ், ஷ்ராக். 2010: ஹெக், நெகிஷி, சுசுகி. ஆறு ஆண்டுகள், 15 பேர். பெண் ஒருவர்கூட இல்லை.

உடனே ஒரு பதில் வரும். ஆண்களும் விடுபட்டிருக்கிறார்களே என்பார்கள். உண்மைதான், மிசொரோகி விடுபட்டார், மியாவுரா விடுபட்டார். ஆனால் பரிசு தவறியவர்களின் பெயர் வினையிலேயே தங்கிவிட்டது. மிசொரோகி–ஹெக் வினை என்கிறோம், சுசுகி–மியாவுரா வினை என்கிறோம். பதக்கம் போனாலும் பாடநூல் அவர்களை வைத்துக்கொண்டது. குறுக்குப் பிணைப்பு வினைகளின் பட்டியலைப் படியுங்கள்: குமாடா, நெகிஷி, ஸ்டில், சுசுகி, ஹியாமா, சொனோகஷிரா, புக்வால்ட்–ஹார்ட்விக். மாணவிகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்த வரிசை ஒரு குலவரிசை போல இருக்கிறது. தந்தைவழி மட்டும் எழுதப்பட்ட குலவரிசை.

பெண்கள் அங்கே இல்லவே இல்லையா? நரம்புத் தளர்ச்சி, கை கால் மரத்துப்போகிறது என்று போனால் நம் ஊர் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மெதில்கோபாலமின் மாத்திரையைப் பாருங்கள். அது கரிம உலோகச் சேர்மம். கோபால்ட் அணுவும் கார்பனும் நேரடியாகக் கைகோத்திருக்கும் பொருள். வைட்டமின் பி12இன் கட்டமைப்பை 1950களின் நடுவில் எக்ஸ் கதிர்களால் வெளிக்கொணர்ந்தவர் டோரத்தி ஹாட்ஜ்கின். அதன் துணைநொதியில் கோபால்ட்–கார்பன் பிணைப்பு இருப்பதை 1961இல் லென்ஹெர்ட்டோடு சேர்ந்து காட்டியவரும் அவர்தான். உலோகத்தையும் கார்பனையும் கோக்கும் இந்த வித்தையை ஆய்வகத்துக்கு வெகுகாலம் முன்பே உயிர் கற்றிருந்தது என்று அதனால் தெரிந்தது. 1964இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஒரு பிரிட்டிஷ் நாளேடு, ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தரசிக்குப் பரிசு என்று தலைப்புப் போட்டது. சமன்பாட்டின் விளைபொருள் பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்ற பிறகும், அவளைப் பிடித்து அம்புக்குறியின் தலைமேல் ஏற்றிவைக்கும் அவசரத்தைப் பாருங்கள்.

இனி, நான் சொல்ல வந்த வாழ்க்கைக்கு வருகிறேன். இரினா பெத்ரோவ்னா பெலெட்ஸ்கயா. சோவியத் நூல்களைச் சல்லிசான விலைக்கு வாங்கிப் படித்த தலைமுறை நம்முடையது. வாலண்டினா தெரஷ்கோவாவின் படம் நம் வீடுகளில் இருந்தது. விண்ணில் பறந்த பெண்ணை அறிந்த நாம், தரையில் நின்று அரை நூற்றாண்டுக்கும் மேல் உலோகத்தையும் கார்பனையும் கோத்துக்கொண்டிருந்த பெண்ணை அறியவில்லை.

1933இல் லெனின்கிராடில் பிறந்தார். 1955இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முடித்தார். 1958இல் முதல் ஆய்வுப் பட்டம். அங்கே அதற்கும் மேலாக, முழு ஆய்வாளர் என்ற தகுதியைத் தரும் இரண்டாவது முனைவர் பட்டம் ஒன்று உண்டு. அதை 1963இல் வாங்கியபோது அவருக்கு வயது 30. 1970இல் பேராசிரியர். 1974இல் சோவியத் அறிவியல் கழகத்தின் தொடர்பு உறுப்பினர். முழு உறுப்பினரானது 1992இல். நடுவில் 18 ஆண்டுகள் ஓடின, அதற்குள் ஒரு நாடே இல்லாமல் போய்விட்டது.

அவர் தொடங்கியது பாதரசத்தில். கார்பனோடு பிணைந்த பாதரசச் சேர்மங்களில் ஓர் அணுத்தொகுதி போய் இன்னொன்று வரும்போது உள்ளே நடப்பது என்ன, எந்தப் பிணைப்பு முதலில் அறுகிறது, வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று கேட்டார். பொருளைச் செய்து காட்டுவது ஒரு திறமை. அது எந்த வழியாக உண்டாகிறது என்று கேட்பது இன்னொரு திறமை. அவருடைய கேள்வி பெரும்பாலும் இரண்டாவது. தம் ஆசிரியர் ஒலெக் ரெயூதவோடு சேர்ந்து, கரிம உலோகச் சேர்மங்களின் வினைவழிமுறைகள் பற்றி அவர் எழுதிய நூல் 1968இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. பனிப்போர்க் காலத்தில் மாஸ்கோவின் ஆய்வு மேற்கின் மேசைக்குப் போனது. அட்டையில் அவர் பெயரும் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். அட்டையில் பெயர் இருந்தது.

பிறகு பல்லேடியத்துக்கு வந்தார். கரிம உலோக வேதியியலின் பழைய மரபு தண்ணீருக்கு அஞ்சியது. கிரிக்னார்டு வினைபொருளை ஒருமுறையாவது செய்து பார்த்த மாணவியைக் கேளுங்கள். குடுவையில் ஈரம் இருந்தால் அன்றைய உழைப்பு பாழ். பல்லேடிய வினைகளுக்கு அந்த அளவு அச்சம் இல்லையென்றாலும், விலை உயர்ந்த பாஸ்பீன்களும் கரிமக் கரைப்பான்களும் வேண்டும் என்பதே வழக்கமாக இருந்தது. பெலெட்ஸ்கயாவும் அவர் குழுவினரும் 1980களின் இறுதியில் ஹெக் வினையைத் தண்ணீரிலேயே, பாஸ்பீன் இல்லாமல், எளிய பல்லேடிய உப்பை வைத்து ஓட்டிக் காட்டினார்கள். நஞ்சுள்ள கரைப்பானைக் குறைக்க வேண்டும் என்று உலகம் இன்று பேசும் பசுமை வேதியியலுக்கு அது முன்னோடிகளில் ஒன்று.

2000ஆம் ஆண்டில் ஆந்திரே செப்ரகோவோடு சேர்ந்து ஹெக் வினையைப் பற்றி 58 பக்கத்தில் ஒரு மதிப்பாய்வு எழுதினார். அந்தத் துறையில் நுழைகிறவர்கள் தாண்டிப் போக முடியாத கட்டுரை. ஆயிரக்கணக்கான ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. ஹெக் வினையைப் பல்லேடிய வினையூக்கத்தின் சாணைக்கல் என்று அதன் தலைப்பிலேயே அழைத்தார்கள். புதிய வினையூக்கி ஒவ்வொன்றும் அந்தக் கல்லில் தீட்டித்தான் கூர் பார்க்கப்படுகிறது என்பது பொருள். 2012இல் வாலண்டைன் அனானிகோவோடு எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி போனார். குடுவைக்குள் இருப்பது ஒரே வினையூக்கி என்று நினைக்காதீர்கள் என்றது அந்தக் கட்டுரை. தனி அணு, சிறு திரள், நுண்துகள் என்று பல வடிவங்கள் ஒன்றாகக் கலந்து, ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே வேலை செய்கின்றன. மாறாத பொருள் என்று மேடையில் புகழப்படும் வினையூக்கிக்குள் எத்தனை மாற்றம் நடக்கிறது என்று காட்டுவதிலேயே ஒரு பெண்ணின் ஆய்வு வாழ்க்கை பெரும்பகுதி கழிந்திருக்கிறது. மேடைப் பேச்சாளர்களுக்கு இதைவிட நேரடியான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

+2 படித்த எல்லாருக்கும் ஐயுபிஏசி என்ற பெயர் நினைவிருக்கும். சேர்மத்துக்கு ஐயுபிஏசி பெயர் எழுதுக என்று ஒரு கேள்வியாவது வராத வினாத்தாள் இல்லை. அந்த உலக அமைப்பின் கரிம வேதியியல் பிரிவுக்கு 1989 முதல் 1991 வரை தலைவராக இருந்தவர் பெலெட்ஸ்கயா. ரஷ்யாவின் முதன்மையான கரிம வேதியியல் ஆய்விதழுக்கு முதன்மை ஆசிரியராக இருந்ததும் அவர்தான். அவர் இருந்த இடம் அம்புக்குறியின் தலைமேல் இல்லை, சமன்பாட்டை எழுதும் கை அவருடையது.

இந்த இடத்தில் எதிர்த் தரப்பு மகிழ்ச்சியோடு எழுந்து நிற்கும். பார்த்தீர்களா, திறமை இருந்தால் பெண் மேலே வந்துவிடுகிறாள், தடையென்று புலம்புவது வீண் என்பார்கள். ஈனி இல்லாமலே பல்லேடியம் வேலை செய்ததே என்று வேதியியலையும் துணைக்கு அழைக்கலாம். அழைக்கட்டும். உலோக அணுவுக்கு மின்னணு இணையைக் கொடுத்து அதைத் தாங்கிப் பிடிக்கும் மூலக்கூறுக்குத் தமிழ்ப் பாடநூல் ஈனி என்று பெயர் வைத்திருக்கிறது. ஈன்று தருவது ஈனி. நல்ல பெயர். ஆனால் ஈனி இல்லாத வினை என்றால் துணையே இல்லாத வினை என்று அர்த்தமில்லை. அங்கே தண்ணீர் தாங்குகிறது, காரம் தாங்குகிறது, கரைந்திருக்கும் உப்பின் அயனிகள் தாங்குகின்றன. எதுவும் தாங்காத பல்லேடியம் கறுப்புத் தூளாகிக் கீழே விழும். இதுவும் அதே வேதியியல்தான்.

பெலெட்ஸ்கயாவைத் தாங்கியவை எவை? படிக்கப் பல்கலைக்கழகம். தமக்கென்று ஓர் ஆய்வகம். மாதச் சம்பளம். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள். ஆய்வேடுகளில் பெயர். சோவியத் ஒன்றியத்தைச் சொர்க்கமென்று நான் சொல்லவில்லை. அங்கேயும் ஆய்வகங்களில் பெண்கள் நிறைந்திருந்தார்கள், அறிவியல் கழகத்தின் மேல்வரிசையில் அரிதாகவே இருந்தார்கள். லினா ஸ்டெர்ன் என்ற உடலியலாளர் அதன் முதல் பெண் முழு உறுப்பினரானது 1939இல்தான். ஆய்வகத்தில் எட்டு மணி நேரமும் ரொட்டிக்கடை வரிசையில் மிச்ச நேரமும் நின்றது பெண்தான். ஆனாலும் ஒரு பெண் வேதியியலாளராகப் பிழைக்கலாம், அது தொழில், அதற்குக் கூலி உண்டு என்ற அளவுக்காவது அந்த அமைப்பு ஒப்புக்கொண்டது.

இதற்குப் பக்கத்தில் நம் நாட்டை வையுங்கள். தர்ஷன் ரங்கநாதன் 1941இல் டெல்லியில் பிறந்தவர். கரிம வேதியியலாளர், உடலில் நடக்கும் யூரியா சுழற்சியை ஆய்வகத்தில் போலச்செய்து காட்டியவர். கணவர் சுப்பிரமணிய ரங்கநாதனும் வேதியியலாளர், கான்பூர் ஐஐடியில் பேராசிரியர். கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் ஆசிரியராக இருக்கக்கூடாது என்ற எழுதப்படாத விதி ஒன்று அங்கே இருந்தது. எழுதப்படாத விதி யாரை வெளியே நிறுத்தும் என்பதையும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தர்ஷன் அதே வளாகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு உதவித்தொகையை வைத்துக்கொண்டே ஆய்வு செய்தார். நிரந்தர ஆசிரியர் பணி கிடைக்கவில்லை. உலகின் முதன்மையான வேதியியல் இதழ்களில் அவர் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. பின்னர் திருவனந்தபுரத்துக்கும் ஹைதராபாத்துக்கும் போனார். 2001இல் தம் 60ஆம் பிறந்தநாளன்று இறந்தார்.

இவரைத்தான் வினையூக்கி என்பீர்களா? வினை நடந்தது, விளைபொருள் வந்தது, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. அந்த உவமை எவ்வளவு சவுகரியமானது என்று இப்போது தெரிகிறதா? மாறாமல் வெளியே வருவது அதன் இயல்பு என்று சொல்லிவிட்டால், வந்தபடியே அனுப்பிவிடலாம்.

வேதியியலுக்கான பட்நாகர் விருதை 1961இல் அசிமா சாட்டர்ஜி பெற்றார். அடுத்ததாக அதே துறையில் சாருசீதா சக்கரவர்த்தி பெற்றது 2009இல். இடையே 48 ஆண்டுகள். அந்த 48 ஆண்டும் நம் கல்லூரிகளின் வேதியியல் வகுப்புகள் காலியாகவா இருந்தன? பெண்களால் நிரம்பி வழிந்தன. பதிவேடு எழுதியதும் தரம்பார்த்தலில் பிப்பெட்டை உறிஞ்சியதும் பெண்கள்தான். இளங்கலை வரை படிப்பு, முதுகலை வரை வரன் தேடும் தகுதி, அதற்குமேல் போனால் வயது ஏறிவிடும் என்ற கணக்கு. ஆய்வுக்குப் போன சிலரிடமும், கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது, இரவில் ஆய்வகத்தில் இருக்க வீட்டில் விடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் நெறியாளர்கள் தலைப்புக் கொடுத்தார்கள். ஆணிடம் இந்தக் கேள்விகள் இல்லை. அவன் வீட்டில் அவற்றுக்குப் பதிலாக ஒரு பெண் இருக்கிறாள்.

மாறாமல் வெளியே வருவது என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வருகிறது. கேரன் வெட்டர்ஹான். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர், அறிவியலுக்குப் பெண்களை அழைத்துவர அங்கே 1990இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1996 ஆகஸ்டில் டைமெதில் பாதரசம் என்ற கரிம உலோகச் சேர்மத்தைக் கையாண்டபோது சில துளிகள் அவர் கையுறைமேல் விழுந்தன. விதிப்படிதான் கையுறை அணிந்திருந்தார். அந்தச் சேர்மம் லேடெக்ஸ் உறையைச் சில நொடிகளில் ஊடுருவும் என்பது அதற்குப் பிறகு நடந்த சோதனையில் தெரிந்தது. மாதங்கள் கழித்து நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8 அன்று 48 வயதில் இறந்தார். உலகெங்கும் ஆய்வகங்கள் கையுறைப் பழக்கத்தை மாற்றிக்கொண்டன. விதி மாறுவதற்கு ஓர் உடல் தேவைப்பட்டது. அறிவியலுக்குள் போகும் பெண் தன் உடலோடுதான் போகிறாள். மாறாத பொருளென்று அவளைப் புகழ்கிறவர்கள் அந்த உடலுக்கு எந்தப் பாதுகாப்பும் தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சாணைக்கல் என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். தெருவில் சாணை பிடிப்பவர் வந்தால் அரிவாள்மனையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஓடுவோமே, அந்தக் கல். கத்தி கூரானது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். கல்லில் விழுந்திருக்கும் பள்ளத்தை அதைச் சுழற்றுகிறவர் மட்டும் பார்க்கிறார். கத்தியைத் தீட்டும் கல்லும் தேய்கிறது. ஒரு வினையைச் சாணைக்கல் என்று அழைக்க, தேய்மானத்தை அறிந்த ஆள் வேண்டும் என்று கவிதை எழுதும் புத்தி எனக்குச் சொல்கிறது.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'வந்தாள்' என்றால் போதும், வந்தவள் யார் என்று வாக்கியத்தில் இருக்காது. ஆனால் அவள் இல்லாமல் அந்த வினைமுற்று நிற்காது. பால் காட்டும் விகுதி அவளைக் காட்டிக் கொடுத்துவிடும். அறிவியலின் மொழி அந்த விகுதியையும் அறுத்துவிட்டது. கரைசல் சூடேற்றப்பட்டது, படிகம் பிரிக்கப்பட்டது, விளைச்சல் கணக்கிடப்பட்டது. யாரால்? செயப்பாட்டு வினைக்குள் எத்தனை பெண்கள் புதைந்து கிடக்கிறார்கள் என்று எந்த எக்ஸ் கதிரும் காட்டாது. அறிவியலின் வாக்கியத்தில் பெண்ணைத் தோன்றும் எழுவாயாக்குவது இலக்கணத் திருத்தம் மட்டுமில்லை, கணக்குத் தீர்ப்பதும்கூட.

ஆகவே இனி மேடையில் உவமை வேண்டாம், கணக்கு வேண்டும். உங்கள் துறையில் எத்தனை பெண்கள் முனைவர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். யார் செய்த சோதனையில் யார் பெயர் முதலில் வந்தது என்று சொல்லுங்கள். மகப்பேறு விடுப்பில் போனவளின் ஆய்வுத் தலைப்பு திரும்பி வந்தபோது அவளிடம் இருந்ததா? இரவு எட்டு மணிக்கு மேல் ஆய்வகம் திறந்திருக்கும் கல்லூரியில் பெண்கள் விடுதியின் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டுச் சால்வை போர்த்துங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

நமக்கும், பெண்ணியம் எழுதுகிற நமக்கும், ஒரு சொல். பெண் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது நாமே அவர்களை வினையூக்கியாக்கிவிடுகிறோம். இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே சாதித்தார், கணவரின் ஒத்துழைப்போடு வென்றார் என்று தொடங்குகிறோம். அவள் என்ன கண்டுபிடித்தாள் என்பது கடைசிப் பத்தியில் ஒற்றை வரியாக வருகிறது, அதுவும் புரியாமல். பெலெட்ஸ்கயாவைப் பற்றி எழுதினால் பாதரசத்திலிருந்து தொடங்குங்கள். பல்லேடியத்தை எழுதுங்கள். தண்ணீரில் ஓடிய வினையை எழுதுங்கள். அது கடினம், நேரம் எடுக்கும், இரண்டு பாடநூலைப் புரட்ட வேண்டியிருக்கும். புரட்டுவோம். ஒரு பெண்ணின் மூளை செய்த வேலையைப் படித்துப் புரிந்துகொள்வதைவிடப் பெரிய மரியாதை அவளுக்கு இல்லை.

வேதியியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணே, அடுத்த முறை யாராவது உன்னை வினையூக்கி என்று புகழ்ந்தால் கைதட்டாதே. எழுந்து நின்று ஒரு கேள்வி கேள்: விளைபொருளில் என் பங்கு எவ்வளவு?